தலைக்கு அரை அடி

பழைய உப்புக் கிடங்கின் உள்ளகலம் நாற்பது அடி. யாராவது வந்து கண்ணை மூடி உட்கார்ந்தால் தலைக்கு அரை அடி கூடும். எழுந்து போனால் குறையும். வெளிச்சுவர் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒட்டியிருந்த தையல்கடைக்காரர் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, தன் பக்கம் ஓர் அங்குலம்கூட வரவில்லை என்றார்.

நூற்றைம்பது வருஷக் கட்டடம். இடிக்க நாள் குறித்திருந்ததை ஒரு பெண் இன்ஜினியர் நடையாய் நடந்து காப்பாற்றினாள். உப்பு அரித்த செங்கற்களை மாற்றி, சுண்ணாம்பு பூசி, எந்த மதத்தாரும் வந்து அமைதியாக உட்காரவும், மாலையில் தெருக்காரர்கள் கூடிப் பேசவும் திறந்துவிட்டாள். முதல் வாரம் ஆறு பேர் வந்தார்கள். ஆறாம் மாதம் நூற்றுப் பதினாறு. இடம் போதவில்லை என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை.

அதுதான் நகராட்சி சர்வேயருக்கு உறுத்தியது. அனுமதி எண்பது பேருக்குத்தான். மீறினால் பூட்டி முத்திரை வைக்க வேண்டும். எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது டேப்பை இழுத்தார். தொண்ணூற்றெட்டு அடி. டேப்பில் கோளாறோ என்று வேறு டேப் வரவழைத்தார். தொண்ணூற்றெட்டு. உள்ளே உட்கார்ந்திருந்த தையல்கடைக்காரரை எழுந்து வெளியே நிற்கச் சொன்னார். தொண்ணூற்றேழரை.

மூன்றாம் வரிசையில் சர்வேயரின் அக்கா உட்கார்ந்திருந்தாள். மகனைப் பறிகொடுத்து மூன்று வருஷமாக யாரிடமும் முகம்கொடுத்துப் பேசாதவள். அவள் இங்கே வருவதே அவருக்குத் தெரியாது.

“பூட்டப் போறியாடா?” என்றாள்.

அவள் குரல் எப்படியிருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. “எண்பது பேருக்குத்தான்க்கா இடம். நெரிசலாயிடுமே…”

“யாருக்கு நெரிசல்? உட்கார்ந்து பார்த்துட்டுச் சொல்லு.”

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். யார் தோளும் இடிக்கவில்லை. கண்ணை மூடியதும், படுத்திருக்கும் மாடு புரண்டு இடம் விடுவதுபோலச் சுவர் மெல்ல ஒதுங்குவது கேட்டது. கொஞ்ச நேரம் அழுதார். அக்கா டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, “சரி, அளந்துக்கோ” என்றாள்.

படிவத்தில் அகலம் என்ற இடத்தில், ‘வருகிறவர்களைப் பொறுத்து’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். நீளமும் அப்படித்தானா என்று கேட்டார்.

“இல்லை சார். நீளம் அறுபதுதான்.”

மூன்றாம் நாள், ஆள் கணக்கு இல்லாத புது அனுமதி வந்தது.