போட்டிக்காரன் வைத்த பெயர்

தன் வீட்டுக் கராஜில் சோதிலிங்கம் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவரே செய்த குட்டி நீராவி எஞ்சின். ஆறு வருடச் சனி ஞாயிறுகளைத் தின்றது. பெட்டி கோத்தால் பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து போகலாம்.

ஞாயிறன்று பார்க்கில் பொங்கல் விழா. முதல் ஓட்டம். ஓடுமா?

பார்க்கில் தண்டவாளம் போடும் அனுமதி இரண்டு தமிழ்ச் சங்கங்களின் பெயரிலும் சேர்ந்து இருந்தது. போன வருடம் வரை ஒரே சங்கம். ஒன்று விலகினாலும் அனுமதி ரத்து.

இரண்டு செயலாளர்களும் எஞ்சினுக்கு இருபுறமும் நின்றார்கள்.

"எஞ்சின் முன்னாடி போர்டுல எங்க சங்கப் பேருதான் வரணும்," என்றான் பழைய சங்கத்து வெற்றி.

"அப்ப எங்க பிள்ளைங்க ஏறாதுங்க," என்றான் பிரிந்துபோன செல்வராஜ். "உங்க தலைவரை ஏத்தி ஓட்டுங்க. எஞ்சின் தாங்குமான்னு அண்ணனைக் கேட்டுக்கங்க."

சோதிலிங்கம் மெல்ல நிமிர்ந்தார். இடுப்பு வலித்தது.

"தம்பிமார், இந்த எஞ்சினைப் பாருங்கோ, முன்னுக்கு நாலு சின்னச் சில்லு, நடுவில எட்டுப் பெரிசு, பின்னுக்கு நாலு. அமெரிக்காவில இப்பிடி எஞ்சினை முதல்ல ஓட்டினது நார்தன் பசிபிக் கம்பெனி. அதால 'நார்தன்' எண்டு பேர். மற்றக் கம்பெனியளும் இதே மாதிரி எஞ்சின்தான் ஓட்டினவை. ஆனா போட்டிக்காரன் பேரைச் சொல்ல மனமில்லை. ஒருத்தன் 'நயாகரா' எண்டான். இன்னொருத்தன் 'போக்கோனோ'. தெற்கில இருக்கிறவன் நார்தன் எண்டு சொல்லுவானோ? அவன் தெற்கின்ர செல்லப் பேரான 'டிக்ஸி'யை வைச்சான்."

வெற்றி சிரித்துவிட்டான். "சரியான லூசுப் பசங்க."

"சக்கரத்தை எண்ணிப் பார்த்தா போதாதா?" செல்வராஜும் சிரித்தான்.

ஒரு நிமிடம் இருவரும் பழைய சிநேகிதர்களாகவே தெரிந்தார்கள். சோதிலிங்கத்துக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"சரிண்ணே," என்றான் வெற்றி. "எங்க போர்டு எவ்வளவு அகலம் வைக்கலாம்?"

"அவங்க போர்டு வந்தா நாங்க விலகிக்கிறோம்," என்றான் செல்வராஜ்.

சோதிலிங்கம் எண்ணெய்க் குப்பியை மூடினார். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"விலகுங்கோ. பார்க் வேண்டாம். வெள்ளைக்காரரின்ர ரயில் கிளப்பில சொந்தத் தண்டவாளம் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை அங்க ஓட்டுறன். போர்டு இல்லை, சங்கம் இல்லை. வாற பிள்ளையள் ஏறட்டும்."

இருவரும் தனித்தனிக் காரில் போனார்கள்.

மாலையில் வெற்றி அழைத்தான். "அண்ணே, பசங்க அழுறாங்க. அவங்க எப்ப வர்றாங்க? நாங்க வேற நேரத்துல வர்றோம்."

"அவை பின்னேரம். நீங்கள் பத்து மணிக்கு வாங்கோ."

அடுத்து செல்வராஜ். அதே கேள்வி.

"அவை பின்னேரம்," என்றார் சோதிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு. "நீங்கள் பத்து மணிக்கு வாங்கோ."