உள்பக்கத் தாழ்ப்பாள்

பட்டாணிக்கு இருபத்திரண்டு மாதம். பிறப்புச் சான்றிதழில் நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் பிறந்த அன்றே அந்த உருண்டை முகத்தைப் பார்த்து அப்பா வைத்த பெயர்தான் நிலைத்தது.

அப்பா தையல்காரர். மாடி வீட்டின் முன்னறையிலேயே மெஷினைப் போட்டுச் சட்டை தைக்கிறவர். அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை; காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் திரும்ப மூன்றாகிவிடும். ஆகவே குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழுவிவிடுவது, தட்டித் தூங்கவைப்பது எல்லாம் அப்பா பாடு. இத்தனைக்கும் நடுவே கிடைக்கிற நேரத்தில்தான் காலரும் கையும் தைப்பார்.

போன வாரம் தடுப்பூசி போடப் போனபோது நர்ஸ் கேட்டார்: "ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசுறாளா? 'பால் தா', 'பொம்மை எங்க', இந்த மாதிரி?"

அப்பாவும் அம்மாவும் விழித்தார்கள். பட்டாணியிடம் பதினோரு வார்த்தைகள் இருந்தன. அம்மா எண்ணி வைத்திருந்தாள். ஆனால் எல்லாம் ஒற்றை ஒற்றையாகத்தான்.

"பரவால்ல, ரெண்டு வயசுக்குள்ள வந்துடும். நிறையப் பேசிட்டே இருங்க," என்றார் நர்ஸ்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா பொரிந்தாள். "நாள்பூரா மெஷினையே பார்த்துக்கிட்டு உம்முன்னு இருந்தா பிள்ளைக்கு எங்கேர்ந்து பேச்சு வரும்?"

அப்பாவுக்குச் சுருக்கென்றது. மறுநாளிலிருந்து வாய் ஓயாமல் பேசினார். பட்டன் தைப்பதை, நூல் அறுந்ததை, தெருவில் போகிற நாயை, எல்லாவற்றையும் அவளிடம் வர்ணித்தார். பட்டாணி மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். வார்த்தை மட்டும் கூடவில்லை. வேறொரு பித்துதான் கூடியது: திறந்திருக்கிற எதைக் கண்டாலும் மூடுவது. அலமாரி, டப்பா, குடை, மேஜை இழுப்பறை. இழுப்பறைக்குள் அப்பாவின் விரல்கள் இருந்தபோதும் மூடினாள்.

அன்று காலை பத்தரை மணி இருக்கும். அப்பா வாளியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் பிடித்து, பட்டாணியின் சட்டையைக் கழற்றிக் குளியலறையில் நிறுத்தினார். துண்டு கூடத்துக் கொடியில் கிடந்தது. நாலே எட்டு. எடுத்துக்கொண்டு திரும்பினார்.

டப்பென்று கதவு மூடியது. அதைத் தொடர்ந்து கிர்ரக் என்று ஒரு சத்தம்.

அந்தக் கதவின் மேல்தாழ்ப்பாள் உடைந்து ஒரு மாதமாகிறது. முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கிற கீழ்த்தாழ்ப்பாளைத்தான் எல்லோரும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவரை அது பட்டாணிக்குச் சரியான உயரம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"பட்டாணீ! தெற! கதவைத் தெற!"

உள்ளே ஒரே சிரிப்பு. அப்பா வெளியே, தான் உள்ளே! இப்படியொரு விளையாட்டை அவள் பார்த்ததே இல்லை.

அப்பா தரையில் குப்புறப் படுத்தார். கதவுக்கடியில் இரண்டு விரல் இடைவெளி. ஈரத் தரையில் இரண்டு குண்டுப் பாதங்கள் தெரிந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை திரும்பி வாளியை நோக்கி நடந்தன. சளக் சளக்கென்று தண்ணீரை அடிக்கிற சத்தம். அந்த வாளி அவள் மார்பு உயரம். எட்டிக் குனிந்து தலைகுப்புற விழுந்தால்? அப்பா எழுந்து கதவைப் படபடவென்று தட்டினார். உள்ளே சிரிப்பு நின்று சிணுங்கல் ஆரம்பித்தது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு பஸ் டிரைவர், பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடிவந்தார். ஆள் கதவு அகலம்.

"தள்ளிக்க தம்பி. ஒரே இடி, கதவு கையோட வந்துடும்."

"வேணாம்ணே! எந்த நேரத்துலயும் கதவுக்குப் பின்னால வந்து நிப்பா. அவ மேலதான் விழும்."

டிரைவரின் தோள் பாதியில் நின்றது. "அப்ப தண்ணிகிட்ட போகாம பார்த்துக்க. பேச்சு குடு. பேசிட்டே இரு. நான் ஸ்குரூடிரைவர் எடுத்துட்டு வர்றேன். இடுக்கு வழியா தாழ்ப்பாளை நெம்பிடலாம்."

அப்பா மறுபடி தரையில் விழுந்தார். கழுத்தில் கிடந்த இன்ச் டேப் கண்ணில் பட்டது. அதன் நுனியைக் கதவுக்கடியில் நுழைத்து ஆட்டினார்.

"பட்டாணி, இங்க பாரு, பாம்பு வருது! மஞ்சப் பாம்பு!"

தண்ணீர்ச் சத்தம் நின்றது. பாதங்கள் தப்தப்பென்று கதவருகே வந்தன. டேப் வெடுக்கென்று உள்ளே இழுபட்டது. அப்பா இந்தப் பக்கம் இழுத்தார். அவள் அந்தப் பக்கம் இழுத்தாள். சிணுங்கல் போய்ச் சிரிப்பு வந்தது. வாளியிலிருந்து பிள்ளையைப் பிரித்தாயிற்று! அப்பாவுக்கு மூச்சு வந்தது.

கொஞ்ச நேரத்தில் டேப் தொய்ந்தது. அவளுக்கு அலுத்துவிட்டது போலும். பாதங்கள் அசையாமல் நின்றன. அதன்பிறகு மெல்லிய, தெளிவான குரல் ஒன்று கேட்டது.

"ப்பா... வா."

அப்பா அப்படியே கிடந்தார்.

"ப்பா வா!" இம்முறை கட்டளையாகவே வந்தது. சின்ன உள்ளங்கை கதவைத் தட்டியது.

ஸ்குரூடிரைவரோடு ஓடிவந்த டிரைவர் பதறிப்போனார். தையல்காரர் தரையில் கிடந்து குலுங்கிக்கொண்டிருந்தார். "என்னாச்சு? அடி பட்டுடுச்சா? ஏன் அழற?"

"ரெண்டு வார்த்தைண்ணே! சேர்த்துச் சொல்லிட்டாண்ணே!"

"அட, அதை வெளிய வந்து சொல்லச் சொல்லுப்பா!"

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். 'திற' என்கிற வார்த்தை அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் தினமும் காலுறை கழற்றும்போது ஒரு விளையாட்டு உண்டு. "பிடி... இழு... டமால்!" என்பார். காலுறை கையோடு வந்ததும் பின்னால் விழுந்து சிரிப்பாள்.

"பட்டாணி, கதவுல குச்சி இருக்கு பாரு. நீதானே மூடுன? அந்தக் குச்சியைப் பிடி. பிடிச்சியா?"

உலோகம் லேசாகக் கிணுகிணுத்தது. டிரைவர் கதவிடுக்கில் வைத்த ஸ்குரூடிரைவர் அப்படியே நின்றது.

"இழு, தங்கம்! இழு!"

கிர்ர்... நின்றது. முக்குகிற சத்தம்.

"இன்னும் இழு! இழு!"

கிர்ரக்!

"மால்!" என்று கத்தியபடியே பட்டாணி ஈரத்தரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். அப்பா கதவை மெல்லத் தள்ளி, கையை நுழைத்து, அவளை வாரியெடுத்துக்கொண்டார். டிரைவர் கைதட்டிய தட்டலில் கீழ்வீட்டுக்காரர்கள் என்னமோ ஏதோ என்று மாடிக்கு ஏறிவந்துவிட்டார்கள். அவர்களிடமும் அப்பா முதலில் சொன்னது தாழ்ப்பாள் கதையை அல்ல, "ப்பா வா"வைத்தான்.

குளியல் முடிந்து, வயிறு நிறைய உண்டு, பட்டாணி உறங்கும்போதே டிரைவரும் அப்பாவுமாகக் கீழ்த்தாழ்ப்பாளைக் கழற்றித் தலைக்கு மேலே பொருத்தினார்கள். வாளியைக் கவிழ்த்து வைத்தார்கள்.

மூன்று மணிக்கு வந்த அம்மா நின்றபடியே முழுக்கதையும் கேட்டாள். "தண்ணியை வச்சுட்டு நகர்ந்தீங்களா? துண்டை முன்னாடியே எடுத்து வச்சிருக்க வேண்டாமா?"

"தப்புதான். இனி அந்தத் தப்பு நடக்காது," என்றார் அப்பா. உண்மையாகவே சொன்னார்.

அம்மா தோள்பையைக் கழற்றி வைத்தாள். பிறகு மெதுவாக, "நிஜமாவே சேர்த்துச் சொன்னாளா? நீங்களா கற்பனை பண்ணிக்கலையே?" என்றாள்.

"எதிர்வீட்டு அண்ணன்கிட்ட கேளு!"

அம்மா தூங்கி எழுந்த பட்டாணியின் முன்னால் மண்டியிட்டாள். "சொல்லுடி கண்ணு. 'அம்மா வா' சொல்லு. அம்மா... வா..."

பட்டாணி மும்முரமாக இருந்தாள். நூல்கண்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். மூடி சரியாக உட்கார மறுத்தது. உதவி செய்ய அம்மா கையை நீட்டினாள்.

பட்டாணி அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். "ம்மா போ!"

அம்மா துள்ளி எழுந்தாள். "சொல்லிட்டா! என்னைப் போன்னு சொல்லிட்டா!" என்று அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்பா சிரித்த சிரிப்பில் மெஷின் மேலிருந்த சட்டை சரிந்து கீழே விழுந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதுபோல இருவரையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பட்டாணி மூடியை இரண்டு கைகளாலும் அழுத்தினாள்.