முள் பன்னிரண்டுக்கு வருமுன்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துக்கு 'மின்சாரம் எங்கிருந்து வருகிறது?' என்று ஒரு பாடம் எழுதித் தரச் சொன்னார்கள். நானும் பெரிய ஆள் மாதிரி தலையை ஆட்டிவிட்டேன். எனக்கு மின்சாரத்தைப் பற்றி என்ன தெரியும்? சுவிட்சைப் போட்டால் வரும், காற்றடித்தால் போகும்.

பாடத்தின் முதல் வரி இது:

"மாணவர்களே, மின்சாரம் என்பது நம் வாழ்வில் இன்றியமையாத ஒரு"

அங்கேயே நிற்கிறது. ஒரு என்ன? ஒரு நாள் முழுக்க மண்டையைக் குடைந்தும் அந்த 'ஒரு'வுக்குப் பின்னால் எதுவும் வந்து உட்காரவில்லை. இப்போதும் அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். பிறகு தேவைப்படலாம்.

2

படிக்கப் படிக்க எனக்கு ஒரே ஏமாற்றம். நிலக்கரியை மலை மலையாகக் கொண்டுவந்து கொட்டி எரிக்கிறார்களே, எதற்கு? தண்ணீரைக் கொதிக்க வைக்க. அணுவைப் பிளக்கிறார்களே, அது எதற்கு? அதுவும் தண்ணீரைக் கொதிக்க வைக்கத்தான். இவ்வளவு படித்து, இவ்வளவு பயந்து, கடைசியில் ஒரு வெந்நீர். அந்த நீராவி ஒரு சக்கரத்தைத் தள்ளும், சக்கரம் காந்தத்தைச் சுழற்றும், காந்தத்தைச் சூழ்ந்த கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும். காற்றாலையில் காற்றே தள்ளிவிடும். அணையில் தண்ணீரே தள்ளிவிடும். சூரியப் பலகை ஒன்றுதான் எதையும் சுற்றாமல் வெயிலில் சும்மா கிடந்தே பேர் வாங்குவது. (இந்த இடத்தில் 'என் அத்தானைப் போல' என்று எழுதி அடித்துவிட்டேன். அக்கா படிப்பாள்.)

ஆனால் ஒரு விஷயம் என்னை உலுக்கிவிட்டது. மின்சாரத்தை மூட்டை கட்டி அடுக்கி வைக்க முடியாது. பேட்டரிகள் வந்திருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் பெரும்பாலும் கேட்கிற நொடியில்தான் தயாராகிறது. இப்போது என் தலைக்கு மேல் சுற்றுகிற இந்த விசிறிக்காக இந்த நொடியில் எங்கோ ஒரு சக்கரம் சுற்றியாக வேண்டும்.*

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நான் தனியாக இருப்பவள். மூன்றாவது மாடி, இரண்டு அறை, அடிக்கடி உறுமுகிற ஒரு ஃபிரிட்ஜ். அக்கா மாதம் ஒருமுறை பேசுவாள், அதிலும் பாதி நேரம் அவள் வீட்டுக் குக்கர்தான் பேசும். இந்த நொடியில் யாரோ எனக்காக வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் இதையெல்லாம் எழுத முடியாது.

அந்த யாரோ ஒருவரைப் பார்த்தே தீர வேண்டும் என்றுதான் அணைக்குக் கீழே இருக்கும் மின்நிலையத்துக்குப் போனேன்.

3

(முதல் தொடக்கம், கைவிடப்பட்டது: "பிரம்மாண்டமான அந்த இயந்திரக்கூடத்தில் அவன் ஒரு சிற்றெறும்பென". வேண்டாம். அவர் எறும்பு இல்லை. என்னைவிட ஒரு முழம் உயரம், கொஞ்சம் தொப்பை.)

வாசலில் இருந்த காவலாளி, "பன்னெண்டு மணி சார் வந்து சுத்திக் காட்டுவாரு," என்றார். மணி அப்போது நாலுகூட ஆகவில்லை. பன்னிரண்டு மணிக்கு வரும் சார் என்று நினைத்து நான் விழித்தேன். பிறகுதான் அது ஒரு ஆளின் பட்டப்பெயர் என்று புரிந்தது.

அவர் அந்த ஷிஃப்டின் பொறுப்பாளர். உள்ளே தரை அதிர்ந்துகொண்டிருந்தது. எண்ணெய் வாசனை. பேசுவதைவிடக் கத்துவதுதான் சுலபம்.

"நிலக்கரி வச்சு ஓட்டுறாங்க பாருங்க, அவங்கல்லாம் வெந்நீர்க்காரங்க, டீச்சர். நாங்க பச்சத்தண்ணிக்காரங்க."

"நான் டீச்சர் இல்ல, சார்."

"பாடம் எழுதுறீங்கல்ல? அப்ப டீச்சர்தான்."

பகலெல்லாம் சூரியப் பலகைகள் பார்த்துக்கொள்ளும் என்றார். வெயில் இறங்குகிற நேரம் பார்த்து ஊரே விளக்கைப் போடும். அப்போது அணைக்காரர்களைக் கூப்பிடுவார்கள். மதகைத் திறந்து சக்கரத்தைச் சுற்ற விட்டு, ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிற ஊர்ப்பட்ட இயந்திரங்களோடு இதையும் சேர்த்துவிட வேண்டும். இந்தச் சேர்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. பலகையில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதில் ஒரே ஒரு முள். நம் இயந்திரமும் வெளியே இருப்பவையும் ஒரே தாளத்தில் சுற்றினால் முள் உச்சியில் நிற்கும், பன்னிரண்டு மணி இடத்தில். தாளம் மாறினால் முள் சுற்றும்.

"இப்பல்லாம் தானாவே சேத்துக்கும். ஆனா இங்க இருக்கிறது பழைய மெஷினு, அடிக்கடி மக்கர் பண்ணும். அப்ப கையாலதான். முள்ளு மெதுவா சுத்தி வரணும், அதுவும் நம்ம பக்கம் ஒரு இழை வேகமா இருக்கணும். அப்படிச் சேந்தா நாம குடுக்கிற ஆளு. மெதுவா இருக்கும்போது சேந்தா வாங்குற ஆளாயிடுவோம், அவங்க நம்மள இழுத்துட்டு ஓடணும்."

"தாளம் தப்பும்போது சேத்துட்டா?"

"சக்கரத்தோட தண்டே முறியும், டீச்சர்," என்று கைகளை முறிப்பது போல் காட்டினார்.

அன்றைக்கும் இயந்திரம் மக்கர் பண்ணியது. முள் ஒரு சுற்று வந்தது. அவர் விரல் பொத்தான்மேல் இருந்தது, அழுத்தவில்லை. இரண்டாவது சுற்று. அழுத்தவில்லை. பக்கத்தில் இருந்த உதவிப் பொறியாளர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். மற்றவர்கள் முதல் சுற்றிலேயே போட்டுவிடுவார்களாம். பட்டப்பெயருக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது. மூன்றாவது சுற்றில் அழுத்தினார். டொம் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெளியே எங்கோ ஒரு ஊர், எதுவும் தெரியாமல் சாயங்காலக் காபியைக் குடித்துக்கொண்டிருந்திருக்கும்.

4

அந்த முதல் வரியை மட்டும் விட்டுவிட்டு, மீதிப் பாடத்தை எழுதி அவருக்கு அனுப்பினேன். மறுநாள் சாயங்காலம், இயந்திரத்தைச் சேர்த்து முடித்ததும், போன் செய்தார்.

"எல்லாம் சரி டீச்சர். ஒரே ஒரு எடம். 'முள் பன்னிரண்டுக்கு வந்ததும் பொத்தானை அழுத்தினார்'னு போட்டிருக்கீங்க."

"ஆமா, நீங்கதானே சொன்னீங்க?"

"வந்ததும் இல்ல. வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. பொத்தான அழுத்துனா உள்ள சுவிட்சு போய் மூட ஒரு கணம் ஆகும்ல? வந்ததுக்கப்புறம் அழுத்துனா முள்ளு தாண்டிப் போயிருக்கும்."

திருத்தினேன். அடுத்த நாள் இன்னொரு திருத்தம் சொன்னார். அதற்கடுத்த நாள் திருத்தமே இல்லை, ஆனாலும் போன் வந்தது. மழை வருமா, அணையில் எவ்வளவு தண்ணீர், நான் சாப்பிட்டேனா. என் போன் அடித்தால் ஒன்று வங்கி, இல்லாவிட்டால் அவர் என்று ஆகிப்போனது.

பேச்சுவாக்கில் ஒரு நாள் மனைவியைப் பற்றிச் சொன்னார். நகரத்து மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அணைக் குடியிருப்பில் கிடந்து அலுத்துப்போய் அந்த வேலையை வாங்கிக்கொண்டு முன்னால் போனார். இவர் மாற்றல் வாங்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். அதுதான் ஏற்பாடு. மழைக்காலம் முடியட்டும் என்றார். பிறகு இயந்திரத்தைப் பிரித்து மாட்டும் வேலை முடியட்டும். பிறகு, அங்கே மாமியார் வந்து தங்கியிருக்கிறார், அவர் கிளம்பட்டும். ஒவ்வொரு தடவையும் நியாயமான சாக்குதான். அந்தந்தக் காரணத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

"கடைசியா வந்தப்ப சொன்னா, 'நீங்க வரும்போது வாங்க. நான் இனிமே கேக்க மாட்டேன்.' சத்தம் போட்டிருந்தாக்கூடத் தேவல, டீச்சர். பாத்திரத்த அடுக்கிக்கிட்டே சாதாரணமாச் சொன்னா."

"இப்ப பேசுறீங்களா?"

"பேசுவோம். மாத்திர போட்டாச்சா, கேஸ் வந்துருச்சான்னு."

"வரட்டுமான்னு கேக்க வேண்டியதுதானே?"

அவருக்குப் பின்னால் இயந்திரத்தின் உறுமல் மட்டும் கேட்டது.

"சொந்த வீட்டுக்கு வரட்டுமான்னு எப்படிக் கேக்குறது?"

அன்றைக்குத்தான் பாடத்தை மூடி வைத்துவிட்டுக் கதையைத் தொடங்கினேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான். "எழுதுங்க, பேரு மட்டும் வேணாம்," என்றார்.

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) பன்னிரண்டு மணி நகரத்துக்குப் போகிறார். கதவு திறக்கிறது. மனைவி, "சாப்டீங்களா?" என்கிறாள். கண்ணீர்.

இதைப் போனில் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அவளா? 'செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க'ம்பா. அதான் அவ சொல்ற மொதல் வார்த்த." சிரித்து முடித்தபின் அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அந்த அதட்டலுக்கு மனுஷன் எவ்வளவு ஏங்குகிறார் என்று தெரிந்தது.

(ஆ) போகிறார். கதவு பூட்டியிருக்கிறது.

இதற்கு அவர் சிரிக்கவில்லை. "பூட்டியிருந்தா என்ன பண்றது, டீச்சர்?" என்று, ஏதோ எனக்குத் தெரியும் என்பதுபோல் கேட்டார்.

(இ) அவர் போகவில்லை. தினமும் சாயங்காலம் ஊரையெல்லாம் சேர்த்து வைத்துவிட்டு, குடியிருப்பில் தனியாக

இதை முடிக்கவும் இல்லை, படித்துக் காட்டவும் இல்லை.

6

இந்த வாரம் திங்கட்கிழமை அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. நகரத்துத் துணைமின்நிலையத்தில் ஒரு இடம் காலியாகிறது. வேண்டுமா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். இதை விட்டால், ஓய்வு பெறும்வரை வேறு இடம் வராதாம்.

"அப்புறம் என்ன சார், சொல்லிட வேண்டியதுதானே!"

"சொல்லலாம். இங்கயும் ஆளு பத்தாது... நான் இல்லன்னா சாயங்காலம் யாரு சேப்பாங்க?" மென்று விழுங்கினார். "அத விடுங்க. உங்க கதையில அவன் போறானா?"

"இன்னும் முடிவு பண்ணல."

"பண்ணுங்க டீச்சர். சும்மா ஒரு தைரியத்துக்குத்தான். நீங்க என்ன எழுதியிருக்கீங்கன்னு பாத்துட்டு நானும் ஒரு வார்த்த சொல்லிடுவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழைக்காலம், இயந்திரம், மாமியார் என்று வந்த வரிசையில் இப்போது நான் நிற்கிறேன். என் கதைதான் அவருடைய புதுச் சாக்கு.

7

இங்கே ஒரு வாக்கியத்தை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன்.

முடிவு பண்ணவில்லை என்று சொன்னது பொய்.

முடிவு எனக்கு எப்போதோ தெரியும். அவர் போக வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும். ஆனால் அவர் போய்விட்டால் சாயங்காலம் என் போன் அடிக்காது. நகரத்தில் மாத்திரை போட்டாச்சா என்று கேட்க ஆள் இருக்கும், செருப்பை வெளியே விடச் சொல்ல ஆள் இருக்கும். பச்சைத்தண்ணீரைப் பற்றிப் பேச ஒரு டீச்சர் எதற்கு? அதனால்தான் செவ்வாய்க்கிழமை, "ரெண்டாவது பாத்திரம் சரியா வரல," என்றேன். நேற்று, "நடுவுல ஒரு அத்தியாயம் விட்டுப்போச்சு," என்றேன். இழுத்தடித்தேன். எனக்கு அவர்மேல் வேறு எந்த எண்ணமும் இல்லை, வாசகர்கள் குட்டையைக் குழப்ப வேண்டாம். ஒரு குரல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அது அவ்வளவு சின்ன ஆசை இல்லை என்று இப்போது தெரிகிறது.

8

இன்று வியாழன். வெயில் இறங்கிவிட்டது. எதிர்க் கட்டடத்தில் ஒவ்வொரு ஜன்னலாக வெளிச்சம் விழுகிறது. இந்நேரம் அவர் விரல் பொத்தான்மேல் இருக்கும்.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு எழுத்தாளர் நழுவிவிடுவது வழக்கம். நானும் அப்படித்தான் செய்ய நினைத்தேன். மன்னிக்க வேண்டும், உங்களுக்கு இதன் முடிவு சும்மா பொழுதுபோக்கு. அது நிஜமாகவே தேவைப்படுகிற வாசகர் ஒருவர்தான் இருக்கிறார். இதுவரை எழுதியதை அப்படியே அவருக்குத்தான் அனுப்பப்போகிறேன்.

போன் அடிக்கிறது.

வங்கி இல்லை.

அடித்து நின்றுவிட்டது. நான் எடுக்கவில்லை. கை பரபரத்தது, கைமேல் உட்கார்ந்துகொண்டேன், சிரிக்காதீர்கள்.

சார், மூன்று முடிவையும் கிழித்துப் போட்டுவிட்டேன். கதவு பூட்டியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டீர்களே, எனக்குத் தெரியாது. படியில் உட்கார்ந்து காத்திருங்கள், உங்களுக்கு அது தெரியாத வேலையா? சாயங்காலம் இங்கே வேறொருவர் சேர்த்துக்கொள்வார், முதல் சுற்றிலேயே. போனதும் முதல் வேலையாகச் செருப்பை வெளியே விடுங்கள். வரட்டுமா என்று கேட்காதீர்கள். கொடுக்கிற ஆளாகப் போங்கள், ஒரு இழை வேகமாக. இனி எனக்குப் போன் செய்ய வேண்டாம். நான் எடுத்துவிடுவேன்.

முடிவு எங்கே என்று கேட்பீர்கள். வந்ததும் இல்லை, வருவதற்குக் கொஞ்சம் முன்னாடி என்று திருத்தியது நீங்கள்தானே? அதனால் நானும் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திவிடுகிறேன். மீதி ஒரே ஒரு வரிதான்:

பன்னிரண்டு மணி படியேறி வந்து நின்றார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அழைப்பு மணியின் பொத்தான்மேல் விரலை வைத்து, அவர்