வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சாப்பு

என்னை வேலையிலிருந்து நீக்கியதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அது சம்பள வேலை இல்லை. முப்பது வருஷமாக அரசாங்கத்தின் உளவு இலாகாவுக்குத் தகவல் சொல்கிறவனாக இருந்தேன். சுங்கை சிப்புட் பக்கம் ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டிலேயே பிறந்தும் பிரஜை இல்லாதவனுக்குக் கொடுக்கிற அட்டை. என் அப்பன் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டதற்கு நான் அனுபவித்தேன். அப்போது ஜைனுலாப்தீன் என்ற அதிகாரி வந்தார். தோட்டத்தில் யார் கூட்டம் போடுகிறார்கள், யார் வெளியாளைக் கூட்டி வருகிறார்கள் என்று சொன்னால் பிரஜைக்குக் கொடுக்கிற நீல அட்டைக்கு வழி செய்வதாகச் சொன்னார். சொன்னேன். அட்டை கிடைத்தது. அதற்குப் பிறகும் சொன்னேன். நிறுத்தினால் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். இதற்கு மேல் என்னிடம் நியாயம் எதுவும் இல்லை.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதனால் எதையும் எழுதிக் கொடுத்ததில்லை. வண்டி நம்பர், நாள், நேரம், சட்டை நிறம் எல்லாவற்றையும் மண்டையில் வைத்திருந்து வாயால் சொல்வேன். அவர் மலாயில் எழுதிக்கொள்வார்.

தோட்டத்தை விற்ற பிறகு எங்களைப் பட்டண ஓரத்தில் ஒரு மலிவு விலை பிளாட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். எனக்கு எதிர்வீடு துளசி. கையுறைத் தொழிற்சாலையில் வேலை. புருஷன் மகேந்திரன் செத்துப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகன் பவித்ரன், இருபத்து மூன்று வயசு. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஒரு ஏஜென்ட் அவனை அழைத்துப் போனான். அங்கிருந்து எல்லை தாண்டி, முள்கம்பி போட்ட ஒரு கட்டடத்தில் அடைத்து, போனில் ஊரை ஏமாற்றுகிற வேலையைச் செய்ய வைத்திருக்கிறார்கள். செய்யாவிட்டால் அடி. ஒளித்து வைத்த ஒரு போனிலிருந்து எப்போதாவது அம்மாவுக்குச் செய்தி அனுப்புவான்.

அந்தத் திங்கட்கிழமை இடத்தைக் காட்டுகிற மேப் புள்ளியை அனுப்பி, கூடவே குரலும் அனுப்பியிருந்தான்.

"வெள்ளிக்கிழமை எங்களை வேற கம்பெனிக்கு விக்கிறாங்கம்மா. போனைத் தேடிப் பிடுங்கிருவாங்க. பொறவு நான் எங்க இருக்கேன்னு ஒனக்குத் தெரியாது."

துளசி மூன்று வாரத்துக்கு முன்பே போலீசில் புகார் கொடுத்திருந்தாள். ஏஜென்ட் யார், எந்த வண்டி என்று கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். பிளாட்டுக்குக் கீழே கார் கழுவுகிற இடத்துக்கு அவன் மூன்று சனிக்கிழமை வெள்ளை வேனில் வந்தான். யாரும் கேட்காமலே பார்த்து வைத்திருந்தேன். பழக்க தோஷம். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று அதுவரை வெளியே சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஈப்போ போனேன். ஜைனுலாப்தீன் ஓய்வு பெற்று, மகனுடைய சாப்பாட்டுக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"துவான்" என்றேன், மலாயில் ஐயா என்பதுபோல.

"இன்னும் என்னய்யா துவான்? ஒக்காரு பழனியப்பா. இலாகாவுல ஒன் நம்பரை மார்ச்சுலயே மூடிட்டாங்க, தெரியுமா?"

"எவன் மூடுனான்?"

"தோட்டப் பிரிவையே மூடிட்டாங்கய்யா. தோட்டமே இல்ல, பிரிவு எதுக்கு? இலாகாவையே கலைச்சுப் போட்டுத் திரும்ப அடுக்குறாங்க. என் காலத்துல அஞ்சு பிரிவு. இப்ப பதினொண்ணு. முன்னல்லாம் யூனியன், கட்சி, எல்லை, அவ்வளவுதான். இப்ப போன் மோசடி, ஆள் கடத்தல், பொய்ச் செய்தி, வெள்ளம், அரிசி வெல எல்லாம் அவங்க தலையில. கடையில முட்டை கெடைக்கலன்னாகூட மேலேருந்து கேக்குறாங்களாம், ஏன் முன்னாடியே சொல்லலன்னு."

"அப்ப ஆளைக் கூட்டியிருப்பாங்களே?"

"பேர்ப் பலகையைத்தான் கூட்டியிருக்காங்க."

பவித்ரன் கதையைச் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இது யாரு வேலைன்னு அவங்களுக்கே இன்னும் தெரியாதுலா. ஒருத்தன் இன்னொருத்தனைக் காட்டுவான். வாயால சொல்லிட்டு வந்துராதே. பேப்பர் வேணும், பேப்பர்ல இலாகா முத்திரை, அந்தச் சாப்பு வேணும். சாப்பு குத்தி வாங்கிக்கிட்ட பேப்பருக்கு எவனாவது ஒருத்தன் பதில் சொல்லியாகணும்."

"நீங்களும் கூட வாங்களேன்."

"நான் வந்தா என்னையும் ஒரு பிரிவுல ஒக்கார வச்சிருவாங்க" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இந்த ஆள் எப்போதும் இப்படித்தான். வழி சொல்வார், வரமாட்டார்.

புதன்கிழமை இலாகாவின் புதுக் கட்டடத்துக்குப் போனேன். இப்போது பொதுமக்களே நேராக வந்து தகவல் சொல்லலாமாம். அதுவும் புதுசாகச் சேர்ந்த பொறுப்புதான். லிப்டுக்குள்ளே எந்த மாடியில் எந்தப் பிரிவு என்று தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒட்டியதை அடித்து அதன் மேல் வேறு தாள் ஒட்டியிருந்தார்கள்.

முதல் மாடி, போன் மோசடிப் பிரிவு. அங்கே இருந்தவன் கேட்டான், பையன் ஏமாந்தவனா ஏமாற்றுகிறவனா என்று. அடைத்து வைத்து ஏமாற்றச் சொல்கிறார்கள் என்றேன். அப்படியானால் ஆள் கடத்தல், இரண்டாம் மாடி என்றான். இரண்டாம் மாடியில், பையன் நாட்டுக்குள்ளே இருக்கிறானா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் வெளிநாட்டு விவகாரம், மூன்றாம் மாடி. மூன்றாம் மாடியில் அது கோலாலம்பூரில் பார்க்கிற வேலை என்றார்கள். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருவன் தண்ணீர்கூடக் கொடுத்தான். ஒருவனும் பேனாவைத் தொடவில்லை.

அந்த மாடியின் கடைசியில் பலகை இல்லாத ஒரு அறை. பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவில் ஒரு தமிழ்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். சட்டையில் தினேஸ்வரி என்று பெயர்ப் பட்டை.

"நீங்க எந்தப் பிரிவும்மா?" என்றேன்.

"எந்தப் பிரிவுலயும் சேராததைச் சேக்குற பிரிவு அங்கிள். ஆறு வாரந்தான் ஆவுது. சொல்லுங்க."

சொன்னேன். முப்பது வருஷம் இலாகாவுக்குத் தகவல் சொன்னவன் என்பதையும் மறைக்கவில்லை. பேனாவை எடுத்தாள். பாதியில் நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மேப் புள்ளி அந்த அம்மா போன்ல இருக்கு. வேன் நம்பர் உங்க மண்டையில இருக்கு. ரெண்டும் ஒரே வாக்குமூலத்துல வந்தாத்தான் நான் மேல கொண்டுபோக முடியும். அவங்களைக் கூட்டிட்டு வாங்க. நீங்களும் சொந்தப் பேருல கையெழுத்துப் போடணும்."

"சும்மா நின்னு பாத்தேன்னு எழுதிக்கங்க."

"மூணு சனிக்கிழமை, நேரம், சட்டை கலரு, வேன் கதவுல இருந்த கீறல். சும்மா நிக்கிறவன் இப்படியா பாப்பான்? நீங்களே ஏஜென்ட்டோட ஆளுன்னு நெனைச்சு மேல உள்ளவங்க தூக்கிப் போட்டுருவாங்க. முப்பது வருஷம் எங்களுக்கு என்ன செஞ்சீங்கன்னு எழுதினாத்தான் உங்க பேச்சு நிக்கும்."

"அவளுக்குத் தெரிய வேணாம்."

"ரெண்டு பேருக்கும் படிச்சுக் காட்டாம கையெழுத்து வாங்க முடியாது அங்கிள். உங்க விருப்பம். ஆனா நாளைக்கு வியாழக்கிழமை."

துளசியின் புருஷன் மகேந்திரனைக் காட்டிக் கொடுத்தவன் நான். தோட்டத்தை விற்றபோது, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடிக்க வருகிற இயந்திரங்களை மறித்துப் பாதையில் உட்கார அவன்தான் ஆள் சேர்த்தான். எந்த நாள், எத்தனை பேர் என்று நான் சொன்னேன். அதற்கு முந்தின நாளே அவனைப் பிடித்துப் போனார்கள். அறுபது நாள் வைத்திருந்தார்கள். வெளியே வந்தவனுக்கு லோரி ஓட்டுகிற வேலை போய்விட்டது, வேறு எவனும் வேலை கொடுக்கவில்லை. உடம்பு கெட்டு, பவித்ரனுக்கு ஆறு வயசாகும்போது செத்தான். விடுதலையான அன்று அவனை மோட்டாரில் ஏற்றிக் கூட்டி வந்தவனும் நான்தான்.

வியாழக்கிழமை காலை துளசி வேலைச் சட்டையோடு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு லீவு போடு. பவித்ரன் விஷயமா ஈப்போ போவணும்."

"திரும்பவும் போலீசுக்காண்ணே?"

"உளவு இலாகாவுக்கு. போறதுக்கு முன்ன உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அங்க வச்சு முதத் தடவையாக் கேட்டா எந்திரிச்சுப் போயிருவே. காரியம் கெட்டுப் போவும்."

சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவள் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அவரு செத்தப்ப நீ தோள் குடுத்துத் தூக்குனே."

"ஆமா."

"அப்பவும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தியா?"

"ஆமா."

"எழவுக்கு யாரு யாரு வந்தாங்கன்னு சொன்னியா?"

பொய் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். "சொன்னேன்."

கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவால் என் தோளில் ஓங்கி அடித்தாள். மூடி கழன்று மீகூன் தரையெல்லாம் கொட்டியது. மேல்மாடியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"த்தூ. நீயெல்லாம் ஒரு மனுசன். ஒன்னப் போயி அண்ணேன்னு கூப்பிட்டேன்."

"திட்டு. நாளை கழிச்சு செருப்பாலயும் அடி, வாங்கிக்கிறேன். இப்ப ஐ.சி. அட்டையையும் போனையும் எடு. அவனுக்கு இருக்கிறது இன்னிக்கு ஒரு நாள்."

கொட்டியதைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். பிறகு கதவைத் திறந்து உள்ளே போய் ஐ.சி.யோடு வந்தாள்.

"ஒன் மோட்டர்ல ஏறமாட்டேன். நீ முன்ன போ."

ஈப்போ வரைக்கும் அவள் தன் மோட்டாரில் பின்னால் வந்தாள். நடுவில் இரண்டு முறை லோரிகள் புகுந்து மறைத்தன. இரண்டு முறையும் ஓரம் கட்டி அவள் வருகிறாளா என்று பார்த்தேன்.

தினேஸ்வரி எல்லாவற்றையும் எழுதி, வரி வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினாள். துளசி கடைசி வரை கேட்டாள்.

"என் வீட்டுக்காரு பேரு அதுல இல்லையே."

"இந்தக் கேசுக்கு அது தேவைப்படாதுக்கா."

"எழுதுங்க" என்றேன் நான். "நான் சொல்லித்தான் மகேந்திரனைப் பிடிச்சாங்கன்னு எழுதுங்க."

இரண்டு வரி கூடியது. கையெழுத்துப் போட்டேன். முப்பது வருஷத்தில் அந்த இலாகாவின் தாளில் என் பெயர் விழுந்தது அதுதான் முதல் தடவை. துளசியும் போட்டாள்.

"சாப்பு குத்தி எங்களுக்கு ஒரு காப்பி குடுங்க."

தினேஸ்வரி தயங்கினாள். "இந்தப் பிரிவுக்குச் சாப்பு இன்னும் வரல அங்கிள். இன்னிக்கே ஈமெயில்ல அனுப்பிடறேன். நீங்க போயிட்டு வாங்க."

"கீழ எல்லா மாடியிலயும் இதைத்தான் சொன்னாங்க, போயிட்டு வாங்கன்னு. நான் போவ மாட்டேன்."

"என்னை நம்ப மாட்டீங்களா?"

"இந்த இலாகாவுக்கு வேலை செஞ்சவன் நான். நான் எப்படி நம்புவேன்?"

பக்கத்து அறைகளில் கேட்டுப் பார்த்தாள். ஒருவரும் தங்கள் சாப்பைத் தரவில்லை. குத்தினால் அது அவர்கள் பிரிவுக் கேஸ் ஆகிவிடும். மேலதிகாரி ஒருவன் வந்து, நாளைக்கு வரச் சொல் என்று மலாயில் சொன்னான். நாளைக்கு வெள்ளிக்கிழமை என்று நான் மலாயிலேயே சொன்னேன். காவலாளி வந்து என் கையைப் பிடித்தான். நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அறுபத்தெட்டு வயசுக் கிழவனைத் தூக்கிக்கொண்டு லிப்டில் இறங்க அவனுக்கும் இஷ்டமில்லை.

துளசி என்னைவிட்டுத் தள்ளி ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஷிப்ட் எப்பவோ போயிருச்சு" என்றாள் அவர்களைப் பார்த்து. "இவரு எந்திரிச்சாலும் நான் எந்திரிக்க மாட்டேன்."

மணி மூன்றாகிவிட்டது. தினேஸ்வரி எழுந்து பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கிழித்துத் தேடினாள். நாலாவது பெட்டியில், கலைத்துவிட்ட ஏதோ ஒரு பிரிவின் பழைய சாப்பு கிடைத்தது. மை காய்ந்திருந்தது. தண்ணீர் விட்டுத் தேய்த்து ஓங்கிக் குத்தினாள். பழைய பிரிவின் பெயரைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் தன் பிரிவு, தன் பெயர், வேலை எண், தேதி, நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இது செல்லுமான்னு நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க" என்றாள்.

"அதுக்குத்தான் கேட்டேன்."

எங்கள் முன்னாலேயே கோலாலம்பூருக்குப் போன் போட்டாள். ஒருவன் வேறொருவனைக் காட்ட, வேறொருவன் இன்னொருவனைக் காட்ட, விடாமல் நாலு பேரோடு பேசினாள். நாலாவது ஆளிடம் தாளின் தேதியையும் நேரத்தையும் சொல்லி, "சாப்பு குத்தி வாங்கிக்கிட்டேன், சார். இனி வாங்கலன்னு சொல்ல முடியாது" என்று மலாயில் சொன்னது எனக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை நான் எங்கும் போகவில்லை. அதற்குள் பிளாட் முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. கீழே காப்பிக் கடையில் நான் உட்கார்ந்த மேசையிலிருந்து இரண்டு பேர் எழுந்து போனார்கள். அது சரிதான். மேலே வந்து கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக் கதவும் திறந்துதான் இருந்தது. அவள் போனை மடியில் வைத்திருந்தாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அது அடித்தது. அவள் போனைக் காதில் அழுத்திக் கடைசி வரை கேட்டாள். பிறகு என் வாசலுக்கு வந்து வெளியிலேயே நின்றாள்.

"அந்த ஆபீஸ் பொண்ணுதான் பேசுச்சு. இடம் மாத்துறப்ப அவங்களை ஏத்திட்டுப் போன வேனை நிறுத்திட்டாங்களாம். பதினோரு பேரு. பவித்ரனும் அதுல இருக்கான். அந்த நாட்டு போலீஸ்கிட்ட இருக்கான். வர ஒரு மாசம் ஆவுமாம். இங்க ஏஜென்ட்டையும் வேன் நம்பரை வச்சுப் புடிச்சிட்டாங்களாம்."

"அடி கிடி பட்டிருக்கானா?"

"ஒரு காது கேக்கலையாம்."

நான் எழுந்தேன். அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"அவன் வந்தா அப்பாவைப் பத்தி நான்தான் சொல்வேன். எப்ப சொல்லணும்னு எனக்குத் தெரியும். நீ சொல்லக் கூடாது. கேட்டாலும் சொல்லக் கூடாது."

"சரி."

"கும்பிடு போட்டு அழுவுற வேலையும் வேணாம். அவன் முன்னால வராதே."

"வரமாட்டேன்" என்றேன்.

அவள் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே யாரிடமோ போனில் சத்தமாக, "கெடைச்சிட்டான்க்கா, கெடைச்சிட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.