ஒவ்வொரு ஆணியும் ஒரு முத்தம்

இருபத்திரண்டு தொடர்கதைகள் எழுதியவர். இருபத்திரண்டிலும் காதல்தான். ஆனாலும் சொந்தத் தங்கை போனில் அழுதுகொண்டு பேசுகிறாளா, ஜலதோஷத்தோடு பேசுகிறாளா என்று கண்டுபிடிக்க அவருக்குத் தெரியாது. கேட்டால், "நான் மனசை எழுதறவன்" என்று பதில் வரும். மனசு என்பது மனிதர்களுக்குள்தான் இருக்கிறது என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

வீட்டிலும் தெருவிலும் அவருக்கு எழுத்தாளர் என்றுதான் பேர். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவிகூடக் கோபம் வந்தால் "எழுத்தாளரே, கொஞ்சம் இறங்கி வாங்க" என்பாள். முன்னறையில் ஒரு மேஜை, அதன் மேல் எப்போதும் திறந்தபடி ஒரு நோட்டு. அந்த நோட்டுக்குப் பயந்தே அக்கம்பக்கத்தார் அவரிடம் குடும்ப விஷயம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு வாய் தவறிச் சொன்னது மூன்றாவது வாரம் பத்திரிகையில் படத்தோடு வந்துவிடும்.

அவர் கதைகளில் காதலன் என்றால் கொந்தளிப்பான். காதலி முகம் திருப்பினால் கண்ணாடியை உடைப்பான், கையைக் கிழித்துக்கொள்வான், அவள் வீட்டு வாசலில் மழையில் நிற்பான். வெறுப்பு என்றால் கண் சிவக்கும், பல் நறநறக்கும். அமைதியாக ஒருத்தரை ஒருத்தர் நேசிப்பதோ வெறுப்பதோ அவர் உலகத்தில் கிடையாது. "அதெல்லாம் படிக்கறவனைத் தூங்க வச்சிரும்" என்பார்.

கல்யாணத்துக்கு முன்னால் தங்கைதான் அவருடைய முதல் ஆள். எழுதி முடித்த அத்தியாயத்தை அவளிடம்தான் முதலில் படித்துக் காட்டுவார். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். நடுவில் கையை நிறுத்தி, "இந்த இடம் பொய்ண்ணா" என்றால் அவருக்கு எரிச்சலாக வரும். ஆனால் அந்த இடத்தை அடித்துத் திருத்திவிடுவார். அவள் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். மாப்பிள்ளை முதலில் வாசகனாகத்தான் அந்த வீட்டு வாசல் ஏறினான். எழுத்தாளரின் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் பிரவுன் அட்டை போட்டு வைத்திருந்தான். பக்கம் பக்கமாக ஒப்பித்தான். எழுத்தாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "என் எழுத்தை இந்த அளவுக்குக் கொண்டாடறவன் என் தங்கச்சியை எப்படி வச்சுக்குவான்னு யோசிச்சுப் பாரு" என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். மனைவி யோசித்துப் பார்த்தாள். ஏனோ அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

கல்யாணமாகி ஏழாவது மாதம், நகரத்தின் மறுகோடியிலிருந்து தங்கை போன் செய்தாள். "அண்ணா, அவருக்கு சந்தேகம் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. வேலைக்குப் போகும்போது வெளியில பூட்டிட்டுப் போறாரு."

"அது சந்தேகம் இல்லம்மா, பாசம். பாசம் தலைக்கு ஏறினா ஆம்பளை அப்படித்தான் இருப்பான். நீ குடுத்து வச்சவ."

 "சரிண்ணா" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் தன்னைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. யாரோடும் போனில் பேசக்கூடாது, மச்சான் வீட்டோடு மட்டும் பேசலாம் என்பது அவள் புருஷன் கொடுத்திருந்த சலுகை. அதுவும் மச்சான் எழுத்தாளர் என்பதால் கிடைத்த சலுகை.

அண்ணனுக்கு நேராகச் சொன்னால் காதில் ஏறாது; கதையாகச் சொன்னால் பேனாவை எடுப்பான். கூடவே வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் கூப்பிட்டு, "எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி இருக்காண்ணா" என்று ஆரம்பித்தாள்.

"சொல்லு, சொல்லு." நோட்டு பக்கத்தில் வந்தது.

"அவ ஜன்னல்ல நின்னா யாரையோ பார்க்கறான்னு அவ புருஷன் ஜன்னலை எல்லாம் சாத்தி ஆணி அடிச்சுட்டாரு. பகல்லயே லைட்டுப் போட்டுத்தான் சமைக்கறா. போன வாரம் அவ கையைக் கதவுல வச்சு…" சற்று நிறுத்தினாள். "கேக்கறியாண்ணா?"

"கேக்கறேன், எழுதிட்டு இருக்கேன். ஜன்னலுக்கு ஆணி! அட, பிரமாதம்மா. அப்புறம்?"

அந்த வருடம் அவருடைய தொடர் சவசவ என்று போய்க்கொண்டிருந்தது. பத்திரிகை ஆசிரியர் இரண்டு தடவை ஜாடையாகச் சொல்லியும் பார்த்துவிட்டார். இப்போது ஜன்னல் கிடைத்ததும் எழுத்தாளருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே மூச்சில் எழுதினார். 'உலகத்தின் கண் அவள் மேல் பட்டுவிடக் கூடாதென்று அவன் ஆணி அடித்தான். ஒவ்வொரு ஆணியும் அவளுக்கு அவன் தந்த ஒரு முத்தம்' என்று முடித்துவிட்டு, தானே இரண்டு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டார்.

கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்தன. 'இப்படி ஒருத்தர் எனக்கு வாய்க்க மாட்டாரா' என்று கல்லூரிப் பெண்கள் எழுதினார்கள். முப்பது வருஷம் குடும்பம் நடத்திய ஒரு அம்மாள், 'என் வீட்டுக்காரர் ஒரு ஆணிகூட அடித்ததில்லை' என்று எழுதியிருந்தாள். மாப்பிள்ளை போனில் கூப்பிட்டே பாராட்டினான். "மச்சான், என் மனசுக்குள்ள பூந்து எழுதின மாதிரி இருக்கு. ஊர்ல யாருக்கும் புரியாததை நீங்க ஒருத்தர்தான் புரிஞ்சு வச்சிருக்கீங்க" என்றான். அவன் குரல் தழுதழுத்தது. எழுத்தாளருக்கும் கண் கலங்கிவிட்டது.

தங்கை மட்டும் அந்த அத்தியாயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொய் என்றுகூடச் சொல்லவில்லை. பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். அவள் அப்பப்போ அண்ணிக்குப் போன் போட்டு வீக்கத்துக்கு என்ன தடவலாம் என்று கேட்டதோ, அண்ணி மூன்றாவது தடவையாகக் களிம்பின் பேரைச் சொல்லிவிட்டு முகம் சுருங்க உட்கார்ந்திருந்ததோ அவர் கண்ணில் படவில்லை. அவர் அப்போது பதினைந்தாவது அத்தியாயத்தில் இருந்தார்.

பதினேழாவதற்கு வரும்போது கதை முட்டிக்கொண்டு நின்றது. அவரே தங்கையைக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணுக்கு அப்புறம் என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலண்ணா. அங்கேயேதான் கிடக்கறா." பிறகு வேகமாகப் பேசினாள், யாரோ வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்பதைப் போல. "நீ ஒண்ணு பண்றியா? அவ கிளம்பற மாதிரி எழுது. பையை எடுத்துக்கிட்டு, 'நான் போறேன்'னு நேருக்கு நேரா சொல்றா. அவன் கதவைத் திறந்து விடறான். விடறதும் பாசம்தான்னு அவனுக்குப் புரியற மாதிரி எழுதுண்ணா. அந்தப் பொண்ணு புருஷன் வாரா வாரம் படிக்கறாரு. உன் எழுத்துன்னா அவருக்கு வேதவாக்கு. வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டாரு. நீ எழுதினா கேப்பாரு."

தன் எழுத்தால் ஒரு குடும்பத்தில் கதவு திறக்கப்போகிறது என்றால் எந்த எழுத்தாளருக்குத்தான் கசக்கும்? மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். பாவம், நன்றாகவே எழுதினார். அந்த அத்தியாயத்தில் யாரும் கண்ணாடியை உடைக்கவில்லை. அவன் ஆணிகளைப் பிடுங்கினான், கதவைத் திறந்தான், அவள் போனாள். போனில் படித்துக் காட்டியபோது தங்கை இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்ததும், "இதுல பொய்யே இல்லண்ணா" என்றாள். இந்தத் தடவை அவள் அழுவது அவருக்கே தெரிந்தது. நல்ல எழுத்து அழவைக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை கண்டிப்பா வந்துடும்ல?"

"காலைல ஏழு மணிக்குக் கடைல தொங்கும், போதுமா?"

புதன்கிழமை ஆசிரியர் கூப்பிட்டார். "என்ன சார், இப்படிக் கவுத்துட்டீங்க? ஓவியருக்கு நீங்க போன வாரமே சொன்ன சீனை வச்சு அவர் படம் போட்டுட்டாரு. வண்ணப் பக்கம் எல்லாம் அச்சாகி மடிச்சு வச்சாச்சு. படத்துல அவன் கதவை மறிச்சுக்கிட்டு அவ காலைக் கட்டிப் பிடிச்சிருக்கான். கதையில கதவைத் திறந்து விடறான். படிக்கறவன் சிரிப்பான் சார்."

உண்மைதான். தங்கை சொல்வதற்கு முன்னால், வாய்க்கு வந்த ஒரு காட்சியை ஓவியருக்குச் சொல்லி வைத்திருந்தார். எப்போதும் அப்படித்தான், படம் முதலில் போகும், எழுத்து பின்னால் போய்ச் சேரும்.

"அடுத்த வாரம் திறந்து விடலாமே சார்" என்று ஆசிரியர் இழுத்தார். "இந்த வாரம் கொஞ்சம் சூடா இருக்கட்டும். ஜன்னல் மாதிரி ஒண்ணு குடுங்க. அரை மணி நேரத்துல ஆள் அனுப்பறேன்."

எழுத்தாளர் கொஞ்சம் முரண்டு பிடித்தார். இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பேனாவை எடுத்ததும் முரண்டெல்லாம் எங்கேயோ போய்விட்டது. திறந்து விடுவதை எழுத மூன்று நாள் பிடித்தது. மறிப்பதை எழுத இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. கை தானாக ஓடியது. 'போவாயா? போ பார்க்கலாம். உன் இரண்டு காலையும் ஒடித்துவிட்டு, ஆயுள் முழுக்க உன்னை என் தோளில் சுமப்பேன்' என்று அவன் கதறினான். அவள் கையிலிருந்த பை நழுவியது. அவள் அவன் தலையைக் கோதினாள். எழுத்தாளருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். அதற்குள் ஆள் வந்தான், காகிதத்தைக் கொடுத்தனுப்பினார், காப்பி குடித்தார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தவர் மறந்தே போனார்.

வெள்ளிக்கிழமை காலை மனைவி கடைக்குக் கிளம்பும் முன் பத்திரிகையைப் புரட்டினாள். அவருடைய கதைகளை அவள் ஒழுங்காகப் படிப்பதில்லை. அன்றைக்கு என்னவோ முன்கதைச் சுருக்கத்திலிருந்து நின்றவாக்கிலேயே படித்தாள்.

"என்னங்க, இந்த ஜன்னல், கதவு இடுக்குல கை, இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

"தங்கச்சிதான். அவளுக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணாம்."

"அவளுக்கு எந்தப் பொண்ணைத் தெரியும்? கல்யாணம் ஆனதிலேருந்து வாசப்படி தாண்டாதவளுக்கு எந்தப் பொண்ணைங்க தெரியும்?"

அவர் மேஜை மேல் திறந்து கிடந்த நோட்டைப் பார்த்தார். 

"என்கிட்ட மூணு தடவை களிம்பு கேட்டா. கதவு இடுக்குல கை மாட்டிக்கிச்சுன்னா. நானும் ஒரு மடச்சி, பேரைச் சொல்லிட்டு வச்சுட்டேன்." மனைவி போனை எடுத்து அவர் கையில் திணித்தாள். "போனைப் போடுங்க. நின்னுக்கிட்டே இருக்கீங்களே, போடுங்க!"

போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அரக்கப்பரக்க ஒரு டாக்ஸி பிடித்தார்கள். வழி நெடுக எழுத்தாளர், "இருக்காது, இருக்காது" என்றார். மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே கும்பல் தெரிந்தது. வீட்டுக் கதவு உடைந்து ஒரு கீலில் தொங்கியது. இரண்டு ஜன்னலிலும் வரிசையாக ஆணித் தலைகள், துருப்பிடித்து, ஒன்றிரண்டு வளைந்து போய். தான் எழுதிய ஜன்னலை அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாகப் பார்த்தார். உள்ளே சுவரோரமாக ஒரு பை சாய்ந்து கிடந்தது. மடித்து வைத்த புடவைகள் வெளியே சரிந்திருந்தன.

பக்கத்து வீட்டு அம்மாள்தான் சொன்னாள். "காலைல பையைத் தூக்கிக்கிட்டு வாசல் கிட்ட நின்னுக்கிட்டு இருந்துச்சு. 'நீங்க முதல்ல படிங்க, படிச்சுட்டு வந்து திறந்து விடுங்க'ன்னு அது சொல்றது எங்க சுவர் வரைக்கும் கேட்டுச்சு. அவ்வளவு தெம்பா அது பேசி நான் கேட்டதே இல்ல. அப்புறம் ஒரு பத்து நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம்தான் அலறல். இரும்புக் கம்பியால ரெண்டு காலையும் ஒடிச்சுட்டான் பாவி. நாங்க கதவை உடைச்சு உள்ள போறப்ப அதைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கான். போலீஸ் கூட்டிட்டுப் போறப்பகூட, 'ஆயுசுக்கும் நான் சுமப்பேன், ஆயுசுக்கும் நான் சுமப்பேன்'னு அதையேதான் சொன்னான்."

எழுத்தாளர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். மனைவிதான் கையைப் பிடித்து எழுப்பி இழுத்துக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி. தங்கைக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் நடப்பதைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். மயக்கம் தெளிந்து பேசுகிறாள் என்றார்கள். வரும் வழியெல்லாம் அவர் என்ன சொல்வது என்று கோத்துக்கொண்டே வந்திருந்தார். அவள் கத்துவாள், ஏசுவாள், முகத்தில் காறித் துப்பினாலும் துப்புவாள். எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தார். காலைப் பிடித்து அழலாம் என்று எண்ணியவர், எந்தக் காலை என்று நினைத்ததும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டார்.

வார்டு வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த நர்ஸ் கேட்டாள். "நீங்க என்ன உறவு?"

"அண்ணி" என்றாள் மனைவி. நர்ஸ் தலையாட்டி உள்ளே விட்டாள். எழுத்தாளரும் பின்னாலேயே போனார்.

"சார், நீங்க?"

"கூடப் பிறந்த அண்ணன்."

நர்ஸ் மேஜையில் இருந்த ஒரு தாளைப் பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "மன்னிச்சுக்குங்க சார். ரெண்டு பேரை உள்ள விடக் கூடாதுன்னு பேஷன்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. ஒருத்தர் அவங்க வீட்டுக்காரர். இன்னொருத்தர் அண்ணன்."

"நான்… அவ கோபத்துல சொல்லியிருப்பா. வலியில, ஆத்திரத்துல…"

"இல்ல சார்" என்றாள் நர்ஸ். அவளுக்கே அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. "நான்தான் பக்கத்துல இருந்தேன். கோபமெல்லாம் இல்ல. தண்ணி வேணும்னு கேக்கற மாதிரி சாதாரணமாத்தான் சொன்னாங்க."