யாரும் தொடாத நண்டுக் குழம்பு

உத்திரமேரூரில் நான் மாலை வகுப்புக்குப் போகும் தட்டச்சு நிலையத்தில் இந்த வாரம் புதுப் பயிற்சி. ஆளுக்கொரு வீட்டுச் சமையல் குறிப்பைத் தமிழில் அடிக்க வேண்டும். புதன்கிழமை அந்தச் சமையலையும் கொண்டுவர வேண்டும் என்றார் சுப்பிரமணி சார்.

அம்மா சொல்லச் சொல்ல கழனி நண்டுக் குழம்பை மூன்று முறை எழுதித் திருத்தினேன். அம்மா கையில் அள்ளிய மிளகைக் கரண்டியில் கொட்டி அளந்து குறித்தேன். புதன் விடிகாலையில் அம்மா வரப்பு வளைகளில் கைவிட்டுப் பதினான்கு நண்டு பிடித்து வந்தார். சுட்டுவிரலில் ஒன்று கடித்திருந்தது.

"எல்லாருக்கும் வர்ற மாதிரி குடு. மிச்சம் கொண்டாராத" என்றார்.

வகுப்பில் தாள்களைச் சுவரில் ஒட்டினோம். என் தாளை ஏழு பேர் போனில் படம் எடுத்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு பாத்திரங்களைத் திறந்தோம். திலகாவின் கோழிக் குழம்பு பத்து நிமிடத்தில் காலி. கனகாவின் மொச்சைக் குழம்பை வழித்தே விட்டார்கள். என் தூக்குச் சட்டியில் கரண்டி நனையவில்லை.

உப்பு கூடிவிட்டதோ? கொஞ்சம் எடுத்து ருசித்தேன். உப்பு சரி. புளி சரி. காரமும் சரி. அதன் பிறகுதான் கோபம் வந்தது.

பக்கத்து இருக்கை சுதாவிடம் தூக்கை நீட்டினேன். அம்மா வேலைக்குப் போவது அவர்கள் கழனிக்குத்தான்.

"போட்டுக்கோடி."

"இன்னிக்கு நான் கவிச்சி துன்னல, பிரிசி."

"திலகா கோழி இன்னா, கத்திரிக்காயா? உன் ஒதட்டுலயே மசாலா கீது."

கனகா சிரித்துவிட்டாள். சுதா வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அதான் போட்டோ எடுத்துக்கினேனே. எங்கம்மாவ வூட்ல செய்யச் சொல்றேன். வுடேன்."

"இது உங்க கழனி நண்டுதான்டி. உங்க சட்டில வெந்தா துன்னுவ, எங்க சட்டில வெந்தா மாட்டியா?"

சார்தான், "சாப்பாட்டு விஷயத்துல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதும்மா" என்றார். அவர் தட்டில் கோழி எலும்பு கிடந்தது. என் தூக்குப் பக்கம் அவரும் வரவில்லை.

சுவரிலிருந்து என் தாளைக் கிழித்தேன். படம் எடுத்த ஒவ்வொருவர் முன்னும் போய் நின்றேன்.

"அழி."

"பைத்தியமாடி உனக்கு? வெறும் குறிப்புதான?" என்றாள் கனகா.

"எங்கம்மா சொன்ன குறிப்பு. அழி."

ஆறு பேர் அழித்தார்கள். சுதா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனாள். நான் எல்லார் எதிரிலும் உட்கார்ந்து நண்டின் ஓட்டைக் கடித்து உடைத்துத் தின்றேன். நான்கு நண்டுக்கு மேல் இறங்கவில்லை.

பேருந்தில் வரும்போது பொய் ஒன்று தயார் செய்தேன். வாசலிலேயே அம்மா, "இன்னா சொன்னாங்க?" என்று ஆவலாகக் கேட்டதும் அது வாயில் வரவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

அம்மா தூக்கைத் திறந்து பார்த்தார்.

"சுதாவுமா?"

"சுதாவும்தான்."

நான் பேசியது தப்போ என்று அப்போதும் எனக்குச் சந்தேகம். அம்மா குழம்பை அடுப்பில் ஏற்றினார்.

"நாளிக்கு அவங்க கழனில நடவு. ஆளு பத்தல, வான்னு சொல்லி அனுப்பினாங்க. நான் போவல. நாத்து எப்டி நடறதுன்னு வேணா ஒரு தாள்ல அடிச்சிக் குடு. அவங்களே செஞ்சிக்கட்டும்."

அம்மா சிரிக்கவில்லை.