வதந்தியை நம்பாதீர்கள்

என் வீட்டுக்காரருக்கு வீட்டுக்குள் குரலே கிடையாது. உப்பு கேட்டால்கூட எனக்குக் காதில் விழாது. ஆனால் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் ஆளே வேறு. துணிக்கடைத் தள்ளுபடி, தண்ணீர் வராத நாள், தொலைந்துபோன நாய்க்குட்டி, யார் வீட்டுச் சாவு, எப்போது எடுக்கிறார்கள், எல்லாவற்றையும் பழைய வேன் ஒன்றின் தலையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிவருவதுதான் அவர் தொழில். அந்தக் குரலைக் கேட்டால் ஊர் தள்ளுபடிக்கும் ஓடும், சாவுக்கும் ஓடும். அவர் பெயர் என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாது, மைக்கண்ணன் என்றால்தான் தெரியும். நான் மைக்கண்ணன் சம்சாரம். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்து, பேப்பர் சிக்கிக்கொள்ளும் மெஷினோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிறவளுக்கு ஊர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

தேர்தல் வந்தால் அவருக்கு அறுவடை. காலையில் ஆளுங்கட்சி, சாயங்காலம் எதிர்க்கட்சி, தொண்டை ஒன்றுதான். இதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை. இந்தத் தடவைதான் மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்தது. ஆளுங்கட்சிக்காரர்கள் வாசலுக்கே வந்து கூப்பிட்டும் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார். எதிர்க்கட்சிக்கு மட்டும்தான் பேசுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"வாயை வாடகைக்கு விடறவருக்கு மனசாட்சி ஒரு கேடா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவையாவது நான் நம்பறதைச் சொல்லிப் பாக்கறேனே," என்றார். அதையும் முணுமுணுப்பாகத்தான் சொன்னார்.

அப்போதுதான் ஸ்டேஷனுக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். ஊரில் கிழக்கு எது மேற்கு எது என்று தெரிவதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டார். எதிர்க்கட்சிக்குக் கொடி கட்டினவன், நோட்டீஸ் கொடுத்தவன், கூட்டத்துக்கு நாற்காலி போட்டவன் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். "சும்மா விசாரிக்கத்தான்" என்பார்கள். திரும்பி வந்தவர்கள் நொண்டிக்கொண்டு வந்தார்கள். கேட்டால் படியில் விழுந்துவிட்டேன் என்றார்கள். மாடி வீடே அபூர்வமான எங்கள் ஊரில் இத்தனை பேர் விழுவதற்குப் படி எங்கே இருந்ததோ!

ஒரு நாள் பட்டப்பகலில், டீ குடித்துக்கொண்டிருந்த எங்கள் ஆளையும் பிடித்துக்கொண்டு போனார்கள், வேனோடு சேர்த்து. கூடவே பக்கத்துக் கடைத் தையல்காரரையும். எதிர்க்கட்சிக் கொடி தைத்ததுதான் அவர் செய்த குற்றம். உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே வாழ்க்கையை ஓட்டுகிற மனுஷர் அவர். அவர் பேசி நான் கேட்டதே இல்லை. துணி தைத்தாயிற்றா என்று கேட்டால் தலையை ஆட்டுவார், அல்லது ஆட்டமாட்டார். அதை வைத்து நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

விஷயம் தெரிந்ததும் நானும் தையல்காரர் மனைவியும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். ரைட்டர் தலையை நிமிர்த்தவில்லை.

"அப்படி யாரும் இங்க இல்லம்மா."

"அவர் வேன் உங்க வாசல்ல நிக்குதே சார்."

"அது ரோட்டை மறிச்சுக்கிட்டு நின்னுது. இழுத்துட்டு வந்தோம்."

"அப்ப வேன்ல இருந்த ஆளு?"

"எங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்ல ஏதாவது சண்டையா? கோவிச்சுக்கிட்டு எங்கயாவது போயிருப்பாரு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேஜையைக் கவிழ்த்திருப்பேன். தையல்காரர் மனைவி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள்.

நேராக வக்கீலம்மாவிடம் போனேன். என் கடையின் நிரந்தர வாடிக்கை. 'பிரதி மங்கலா இருக்கு' என்று தினமும் என்னோடு சண்டை போடுகிறவள், அதனால் நெருக்கம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவங்க இல்லைன்னு சொல்றாங்கக்கா. இருக்காருன்னு காட்ட ஏதாவது ஒண்ணு வேணும். வேன் மட்டும் பத்தாது. ஏதாவது கிடைச்சா உடனே ஜட்ஜ் முன்னாடி போய் நின்னுடுவேன்."

"கிடைக்கலைன்னா?"

"முதல்ல தேடுங்கக்கா," என்று சொல்லிவிட்டு வெள்ளைத்தாளை எடுத்து அவர் பெயரை எழுத ஆரம்பித்தாள். உள்ளே இருக்கிறார் என்று ஒத்துக்கொண்ட ஆளையே படியில் தள்ளுகிறார்கள். இல்லவே இல்லை என்று சொல்லிவிட்ட ஆளை என்ன வேண்டுமானாலும் செய்யலாமே.

மறுநாள் ஊர் முழுக்க இதே பேச்சு. தண்ணீர் வருகிற நாளைக்கூடச் சொல்ல ஆள் இல்லாமல் ஜனம் தவித்துப்போய்விட்டது, அதனால் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. ஸ்டேஷன் வாசலில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு இது பிடிக்கவில்லை. மறுப்பு அறிவிப்பு ஒன்று செய்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்தார். ஸ்பீக்கர் கட்டிய வேன்தான் வாசலிலேயே நிற்கிறதே!

முதலில் ஒரு கான்ஸ்டபிளை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார்கள். பாவம், மூக்கடைத்த குரல். 'அவதூறு' என்ற வார்த்தையில் மாட்டிக்கொண்டு முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் தவித்தார். கடைத்தெரு முழுக்கச் சிரித்தது. வேன் வந்த வழியே ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போய்விட்டது.

சாப்பாட்டு நேரம் தாண்டி மறுபடியும் வந்தது. நான் யாருடைய பத்திரத்தையோ மெஷினில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அன்பார்ந்த பொதுமக்களே! காவல்துறையின் முக்கிய அறிவிப்பு! நமது ஊரில் யாரையும் போலீசார் பிடித்து வைத்திருக்கவில்லை. விளம்பர வேன்காரரும் தையல்காரரும் சொந்த வேலையாக வெளியூர் சென்றிருக்கிறார்கள். வதந்தியை நம்பாதீர்கள்! நம்பாதீர்கள்! நம்பாதீர்கள்!"

துணிக்கடைத் தள்ளுபடிக்குக்கூட அவர் அப்படி உயிரைக் கொடுத்துப் பேசியதில்லை.

கடையில் நின்றிருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே பழக்கடைக்காரன் எழுந்து நின்று கத்தினான்: "அக்கா! அண்ணன் ஊர்ல இல்லைன்னு அண்ணனே சொல்லிட்டுப் போறாரு!"

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தது. வக்கீலம்மா கறுப்புக் கோட்டோடு, செல்போனை உயரத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டே தெருவில் இறங்கி ஓடினாள். நான் மெஷினை அப்படியே விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினேன். வேனின் பின்பக்கம் அடைத்திருந்தது. ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் இன்ஸ்பெக்டர். வீட்டுக்கு வீடு ஜனம் வெளியே வருவதைப் பார்த்து அவருக்கு ஒரே குஷி. அறிவிப்பு நன்றாக எடுபடுகிறது என்று நினைத்திருப்பார். ஊருக்குப் புதுசு இல்லையா? அந்தக் குரல் யாருடையது என்று இங்கே நாய்க்குக்கூடத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

நான் வேனை எட்டிப் பிடித்து, பக்கவாட்டில் தட்டினேன். என்ன கேட்பது என்று யோசிக்கவில்லை. வாய் தானாகக் கேட்டது.

"ஏங்க! சாப்டீங்களா?"

ஸ்பீக்கர் ஒரு கணம் நின்றது. பிறகு தெரு முழுக்கக் கேட்டது:

"இன்னும் இல்லம்மா."

மைக்கில் ஏதோ மோதும் சத்தம். அதோடு குரல் அறுந்துபோனது. வேன் ஜனத்தைக் கிழித்துக்கொண்டு பறந்தது. சிரித்துக்கொண்டிருந்த தெரு கப்சிப்பென்று ஆகிவிட்டது. நான் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன்.

வக்கீலம்மா அந்த வீடியோவோடு ஜட்ஜ் முன்னால் போய் நின்றாள். ஜட்ஜ் அதைப் போட்டுப் பார்த்து, 'இன்னும் இல்லம்மா' வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்தாராம். உடனே ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினார். பொழுது சாய்வதற்குள் என் புருஷன் வெளியே வந்துவிட்டார். 'ஒரு விவரம் கேட்கக் கூப்பிட்டோம், அவராகவே உட்கார்ந்திருந்தார்' என்று இன்ஸ்பெக்டர் கூசாமல் சொன்னார். என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார்: "உள்ள வேற யாரையும் பாக்கலைன்னு உன் புருஷனைச் சொல்லச் சொல்லு. தேர்தல் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கலாம்."

என் வீட்டுக்காரர் குதிகால் தரையில் படாமல் நடந்து வந்தார். வீட்டில் வெந்நீர் வைத்துக் காலைப் பார்த்தேன். அந்தக் கால்களைப் பற்றி நான் இங்கே சொல்லப்போவதில்லை. அடித்தவன் கை விளங்காமல் போகட்டும் என்று வாய்விட்டே சபித்தேன்.

"அவங்க கொடுத்தா அந்த மைக்கை வாங்கிடுவீங்களா? வெக்கமா இல்ல?"

"அவங்க எங்க கொடுத்தாங்க? நான்தான் கேட்டு வாங்கினேன்," என்றார். "அந்தக் கான்ஸ்டபிள் சொதப்பிட்டுத் திரும்பி வந்து திட்டு வாங்கினாரு. நான் உள்ள இருந்தே சொன்னேன், சார், இதை இப்படிப் படிச்சா எவனும் நம்பமாட்டான், என்கிட்ட குடுங்க, நான் சொன்னா ஊரே நம்பும்னு."

"அடப்பாவி மனுஷா!" என்று சிரித்துவிட்டேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"தையல்காரரும் என்கூட அதே ரூம்லதான் இருந்தாரு. கேட்டதுக்குப் பதிலே சொல்லலைன்னு அவருக்கு ரெண்டு மடங்கு அடி. வேன் திரும்பி வந்ததும் அவரை மட்டும் ஜீப்ல ஏத்திட்டாங்க. ஜட்ஜ் ஆளு வந்து பாத்தப்ப நான் ஒருத்தன்தான் இருந்தேன்."

"நீங்க யாரையும் பாக்கல," என்றேன். "புரியுதா? இதைப் பத்தி வாயைத் திறந்தீங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்." பயம்தான், வேறென்ன. திரும்பக் கிடைத்த ஆளை இன்னொரு தடவை தொலைக்க எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் அவரை வீட்டில் தனியே விட மனசு வராமல் கடைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். வக்கீலம்மா குனிந்து உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் தையல்காரர் மனைவி.

"மைக்கண்ணன் குரல் ஊருக்கே தெரியும், அதனால வந்துட்டாரு," என்றாள் வக்கீலம்மா. "இவங்க வீட்டுக்காரர் குரலை யார் கேட்டிருக்கா? பாத்தவங்க வந்து சொன்னாதான் உண்டு. இவரைத் தவிர பாத்தவங்க வேற யாரும் இல்லக்கா."

தையல்காரர் மனைவி அழவில்லை. "உள்ள இருந்தாரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கண்ணே. வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் வேண்டாம் என்றால் இந்த மனுஷன் சொல்லமாட்டார். அப்புறம் வாழ்நாள் முழுக்க அதற்காக என்னைக் குறையும் சொல்லமாட்டார்.

"இருந்தாரு," என்றேன். நான்தான் சொன்னேன். "ரெண்டு பேரும் ஒரே ரூம்ல. இவர் கண்ணால பாத்திருக்காரு. ஜீப்ல ஏத்தினதையும் பாத்திருக்காரு. எழுதிக்கோங்க வக்கீலம்மா, இவர் கையெழுத்துப் போடுவாரு."

"யோசிச்சுதான் சொல்றீங்களா? மறுபடியும் வந்து கூட்டிட்டுப் போவாங்கக்கா."

"போவாங்க. இவரைக் காணோம்னா தேட ஊரே இருக்கு. அவரைத் தேட இவ ஒருத்திதானே இருக்கா?"

வக்கீலம்மா பேனாவை எடுத்தாள். என் வீட்டுக்காரர் ஸ்டூலை முன்னால் இழுத்துப்போட்டு, தையல்காரர் மனைவிக்கு நேராக உட்கார்ந்தார். பிடித்துக்கொண்டு போன நேரத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் போய் ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டேன், தெருவும் கேட்கட்டும் என்று.